2035 என்ற தப்புக் கணக்கு

2010 ஜனவரியில் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி, வேண்டாவெறுப்பாக ஓர் அறிக்கை வெளியிட்டது. இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் காணாமல் போய்விடக்கூடும் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தான் எழுதிய வரிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் சாரம். கங்கைக்கும் சிந்துவுக்கும் நீரூட்டும் பனி ஒரே தலைமுறையில் தீர்ந்துவிடும் என்று சொல்லி, கோடிக்கணக்கானவர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த வரி அது.

அந்த வரியின் பூர்வீகத்தைத் தோண்டியபோது வெளிவந்த கதை சிரிக்கவும் வைத்தது, சங்கடப்படவும் வைத்தது. ஐபிசிசி ஆதாரமாகக் காட்டியிருந்தது, உலக இயற்கை நிதியம் என்ற தொண்டு நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கையை. அந்த அறிக்கைக்கு ஆதாரம், ‘நியூ சயின்டிஸ்ட்’ வார இதழில் 1999இல் வந்த செய்தி. அந்தச் செய்திக்கு ஆதாரம், இந்தியப் பனியியலாளர் ஒருவரிடம் கேட்டு எழுதிய கருத்து. எந்த ஆய்விதழிலும் 2035 என்ற ஆண்டு கிடையாது. 1996இல் ரஷ்யப் பனியியலாளர் கோத்லியகோவ் எழுதிய ஓர் அறிக்கையில் 2350 என்ற ஆண்டு இருக்கிறது. துருவங்களுக்கு வெளியே உலகம் முழுவதும் உள்ள பனிப்பரப்பு அந்த ஆண்டுக்குள் 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கலாம் என்பது அவர் மதிப்பீடு. அதே 5 லட்சமும் 1 லட்சமும் ஐபிசிசியின் பக்கத்தில் இமயமலையின் கணக்கில் ஏற்றப்பட்டிருந்தன. இமயத்தில் அவ்வளவு பனிப்பாறையே கிடையாது என்பது அந்தத் துறை மாணவருக்கும் தெரியும்.

இந்தியாவில் இது அரசியலாகவும் வெடித்தது. 2009 நவம்பரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முன்னாள் அதிகாரி வி.கே. ரெய்னா எழுதிய ஆய்வறிக்கையை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனிப்பாறைகள் அப்படியொன்றும் அசாதாரண வேகத்தில் உருகவில்லை என்றது அது. ஐபிசிசி தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரி அதை ‘வூடூ அறிவியல்’ என்று ஏளனம் செய்தார். இரண்டே மாதத்தில் அவர் தலைமை வகித்த அமைப்பே தன் வரியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட ஒரு துறையை அறிவியல் என்று எப்படி ஒப்புக்கொள்வது? காலநிலை மாற்றத்தை நம்பாதவர்கள் அன்றிலிருந்து இந்தக் கேள்வியை விடவில்லை. கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவர்களை முட்டாள்கள், எண்ணெய்க் கம்பெனிகளின் கைக்கூலிகள் என்று ஒதுக்கிவிடுவது சோம்பேறித்தனம். ஆனால் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். 2350க்கும் 2035க்கும் உள்ள உறவைத் தேடிக் கண்டவர், கனடாவின் ட்ரென்ட் பல்கலைக்கழகப் பனியியலாளர் கிரஹாம் காக்லி. அவரும், ஐபிசிசியின் இன்னொரு தொகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஆஸ்திரியாவின் கேயார்க் கேஸரும், வேறு இருவரும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதி இந்தப் பிழையின் வழித்தடத்தை அம்பலப்படுத்தினார்கள். நால்வரும் புவி வெப்பமடைவதை மறுப்பவர்கள் அல்லர். அதை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

பிழை நுழைந்த இடமும் கவனிக்கத்தக்கது. இயற்பியலைப் பேசும் ஐபிசிசியின் முதல் தொகுதியில் அந்த வரி இல்லை. பாதிப்புகளைப் பேசும் இரண்டாம் தொகுதியில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில் இருந்தது. ஆய்வு வேறு, ஆய்வுகளைத் திரட்டி அரசுகளுக்குச் சொல்லும் அறிக்கை வேறு. முன்னதில் பிழை வந்தால் பிடிக்க ஆள் இருக்கிறது. பின்னதில் அந்த ஆண்டு ஆள் இருந்தும் பயன்படவில்லை.

*

காலநிலை அறிவியலின் மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு இதைவிட ஆழமானது. அறிவியல் என்றால் சோதனை செய்ய வேண்டும், சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பூமி வேண்டும், அது இல்லை. ஆகவே காலநிலை அறிவியல் கணினிக்குள் நடக்கும் ஜோசியம். கூடவே கார்ல் பாப்பரையும் சாட்சிக்கு அழைப்பார்கள். ஒரு கோட்பாடு தவறென்று காட்டுவதற்கு இடம் கொடுத்தால்தான் அது அறிவியல் என்று வரையறுத்த தத்துவவாதி அவர்.

ஆனால் பாப்பரையே கவர்ந்த சோதனை எது? 1919 மே 29ஆம் தேதி சூரிய கிரகணம். விண்மீன்களின் ஒளி சூரியனருகே ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கு வளைகிறதா என்று வானியலாளர் எடிங்டனின் குழுவினர் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவிலும் பிரேசிலிலும் படம் பிடித்துப் பார்த்தார்கள். கிரகணத்தை எந்த ஆய்வகத்திலும் யாரும் உண்டாக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சூரியனும் இல்லை. முன்கூட்டியே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, இயற்கை வாய்ப்புத் தரும்போது அளந்து பார்த்தார்கள். அவ்வளவுதான்.

காலநிலைக்கு அப்படி ஒரு கிரகணம் 1991 ஜூன் 15 அன்று வாய்த்தது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டைஆக்சைடை வானத்தின் மேலடுக்குக்கு அனுப்பியது. அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலமாக உலகைச் சுற்றிப் பரவியது. நியூயார்க்கில் ஓர் உணவகத்தின் மேல்மாடிகளில் இயங்கிய நாசாவின் கோடார்ட் ஆய்வு நிறுவனத்தில் ஜேம்ஸ் ஹான்சனும் கூட்டாளிகளும் உடனே தங்கள் கணினி மாதிரியை ஓட்டினார்கள். 1992இல் உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறையும், பிறகு சில ஆண்டுகளில் மீண்டும் ஏறும் என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே அச்சில் சொல்லிவிட்டார்கள். தப்பினால் உலகமே பார்த்துச் சிரித்திருக்கும். தப்பவில்லை, அரை டிகிரிதான் குறைந்தது.

எரிமலை இன்னொரு தேர்வையும் நடத்திக் கொடுத்தது. காற்று குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி குறையும், அந்தக் குறைவு குளிரை இன்னும் கூட்டும் என்பது மாதிரிகளின் முக்கியமான அனுமானம். வெப்பம் ஏறும்போதும் இதே விதி மறுபக்கமாக வேலை செய்யும். எதிர்கால வெப்பத்தின் பெரும்பங்கு இந்த நீராவிக் கணக்கைச் சார்ந்தது. 2002இல் பிரையன் சோடன் குழு இதைச் சோதித்தது. செயற்கைக்கோள்கள் அளந்த நீராவிக் குறைவு மாதிரி சொன்னதோடு பொருந்தியது. மாதிரியில் நீராவியின் விளைவை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டியபோது, நிஜத்தில் கண்ட அளவு குளிர்ச்சி வரவில்லை.

இதே ஹான்சன் 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைத்த கணிப்பு உண்மையைவிடச் சூடாகப் போயிற்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாயு வெளியேற்றம் பற்றிய அவருடைய ஊகமும் அதிகம், வாயுவுக்கு அவர் மாதிரி காட்டிய உணர்திறனும் அதிகம். 1970க்கும் 2007க்கும் இடையே வெளியான 17 கணிப்புகளைப் பிற்பாடு ஒரு குழு எடுத்து, நிஜமாக வெளியேறிய வாயுவின் அளவை வைத்துச் சரிபார்த்தது. 14 தேறின. மூன்று தேறவில்லை.

*

இந்தத் துறையின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி, அது தன் மையக் கருத்தையே அரை நூற்றாண்டுக்குத் தூக்கிப் பரணில் போட்டதுதான். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை 1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபூட் கண்ணாடி உருளைகளை வெயிலில் வைத்துக் கண்டார். 1859இல் லண்டனில் ஜான் டிண்டால் துல்லியமாக அளந்தார். 1896இல் ஸ்வீடனின் ஸ்வான்டே அர்ஹீனியஸ், மாதக்கணக்கில் கையாலேயே கணக்குப் போட்டு, இந்த வாயு இரட்டிப்பானால் பூமி ஐந்தாறு டிகிரி சூடாகும் என்றார். அதை அவர் ஆபத்தாகவும் கருதவில்லை. குளிர் நாட்டுக்காரர், நல்லதுதானே என்று நினைத்தார்.

நான்கே ஆண்டுகளில் அவருடைய நாட்டுக்காரரான க்னூட் ஆங்ஸ்ட்ராம் சோதனை ஒன்றைச் செய்வித்தார். ஒரு குழாயில் கரியமில வாயுவை அடைத்து அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினார்கள். பின்பு வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். உறிஞ்சப்படும் கதிரில் வேறுபாடு அநேகமாக இல்லை. முடிவு தெளிவாகத் தெரிந்தது: உறிஞ்ச வேண்டியதையெல்லாம் இருக்கிற வாயுவே உறிஞ்சிவிடுகிறது. ஏற்கெனவே கறுப்புச் சாயம் பூசிய ஜன்னலுக்கு இன்னொரு பூச்சு எதற்கு?

அறிஞர் உலகம் ஆங்ஸ்ட்ராமின் பக்கம் சாய்ந்தது. சோதனை முடிவு எதிராக வந்ததால் கோட்பாட்டைக் கைவிட்டார்கள். பாப்பர் கேட்டதும் அதைத்தான். 1938இல் கை கேலண்டர் என்ற ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டிக்கொண்டு வந்து, பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது, காரணம் எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுதான் என்று லண்டன் வானிலையாளர்கள் முன் வாதாடினார். மரியாதையோடு கேட்டுக்கொண்டு நம்பாமல் அனுப்பிவிட்டார்கள்.

ஆங்ஸ்ட்ராமின் தவறு எங்கே என்பது 1950களில்தான் தெளிவானது. ஏவுகணைகள் வெப்பத்தைக் கொண்டு இலக்கைத் தேடிப் போக வேண்டும் என்பதற்காக அமெரிக்க ராணுவம் கொட்டிய பணத்தால் அகச்சிவப்பு அளவீடுகள் கூர்மையாகியிருந்தன. அவற்றையும் அப்போது புதிதாய் வந்த கணினியையும் வைத்து இயற்பியலாளர் கில்பர்ட் பிளாஸ் 1956இல் கணக்கிட்டார். குழாய்க்குள் இருப்பது தரைமட்டக் காற்று. பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிப்போவது தரையிலிருந்து அல்ல. பல கிலோமீட்டர் உயரத்தில், மெல்லிய குளிர்ந்த காற்றிலிருந்து. அங்கே சாயம் இன்னும் முழுசாகப் பூசப்படவில்லை. வாயு கூடக் கூட, வெப்பம் தப்பிப்போகும் மட்டம் இன்னும் உயரே, இன்னும் குளிர்ந்த இடத்துக்கு நகர்கிறது. குளிர்ந்த காற்று குறைவாகவே வெப்பத்தை வெளிவிடும். ஆகவே கீழே சூடு சேரும். எதிர்ச்சோதனை பிழையல்ல, அது கேட்ட கேள்விதான் பிழை என்று கண்டுபிடிக்க ஐம்பத்தாறு வருடம் பிடித்தது.

இன்னொரு தடை, உபரி வாயுவையெல்லாம் கடல் குடித்துவிடும் என்ற நம்பிக்கை. கடலியலாளர் ரோஜர் ரெவெலும் வேதியியலாளர் ஹான்ஸ் சூஸும் 1957இல் அதை அசைத்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சத்துக்கு 313 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

*

காலநிலை ஆய்வாளர்கள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இல் எழுதிய கட்டுரையில் விசித்திரமான ஒரு கணிப்பு உண்டு. கரியமில வாயு கூடினால் தரையருகே சூடாகும். ஆனால் ஸ்ட்ரேட்டோஸ்பியர் எனப்படும் மேலடுக்கு குளிரும். யோசித்துப் பார்த்தால் இது தானாகவே தூக்குக் கயிற்றில் தலையை விடுவது. வெப்பத்துக்குச் சூரியன்தான் காரணம் என்றால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாக வேண்டும். மேலடுக்கின் வெப்பநிலையை உலகம் முழுவதற்குமாக அளக்கும் கருவி அன்று கிடையாது. 1970களின் இறுதியில் செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கின. மேலடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது; ஓசோன் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், ஓசோன் எட்டாத உயரங்களிலும் குளிர்ச்சி தெரிகிறது. மனாபே தன் 90ஆவது வயதில், 2021இல், நோபல் பரிசு பெற்றார்.

அதே செயற்கைக்கோள்கள்தான் அடுத்த சண்டையையும் மூட்டிவிட்டன. அலபாமா பல்கலைக்கழகத்தின் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் 1990 முதல் வெளியிட்ட பதிவுகளில் கீழடுக்குக் காற்று சூடாகவே காணோம். தரையில் உள்ள தெர்மாமீட்டர்கள் ஒன்று சொல்ல, விண்ணிலிருந்து வந்த எண் வேறொன்று சொன்னது. மாதிரிகள் பொய் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று வாஷிங்டனில் முழங்கினார்கள். 1998இல் ஃபிராங்க் வென்ட்ஸ் குழு ஒன்றைச் சுட்டிக்காட்டியது: காற்றின் உராய்வால் அந்தச் செயற்கைக்கோள்கள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்காண்டு நகர்கிறது; காலைச் சூட்டை மாலைச் சூட்டோடு ஒப்பிடும் அபத்தத்தைத் தவிர்க்கச் செய்த திருத்தத்தில், கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் இருந்தது.

ஸ்பென்சரும் கிறிஸ்டியும் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். இருவரும் இன்றும் ஐயவாதிகள். அவர்களுடைய பதிவு இன்றும் மற்றவர்களுடையதைவிடக் குறைந்த வெப்பத்தைத்தான் காட்டுகிறது. ஆனால் அதுவும் வெப்பம் ஏறுவதைத்தான் காட்டுகிறது. வெப்ப மண்டலத்தின் நடு உயரங்களில் மாதிரிகள் சொல்வதைவிட நிஜ வெப்பம் குறைவு என்று கிறிஸ்டி விடாமல் சொல்லிவரும் புகார் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. அவர்களை விரட்டிவிட்டிருந்தால் இந்தப் புகாரை எழுப்ப ஆள் இருந்திருக்காது.

தரை வெப்பமானிகள் மீதே சந்தேகம் கொண்டவர் பெர்க்லியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர். நகரங்கள் வளர்ந்ததால் கான்கிரீட் சூட்டைத்தான் அளக்கிறார்களோ, வசதியான நிலையங்களைத்தான் பொறுக்குகிறார்களோ என்று கேட்டார். எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அவருக்குப் பணம் தந்தது. ஏறத்தாழ 39,000 நிலையங்களின் பதிவுகளைப் புதிதாகக் கணக்கிட்ட பிறகு, 2012இல் தன் சந்தேகம் போய்விட்டது என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

*

காலநிலை அறிவியலுக்காக வாதாடுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கதைகளைச் சொல்வதில்லை. “97 சதவீத அறிவியலாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்” என்கிறார்கள். இதைவிட மோசமான வாதம் கிடையாது. 1910இல் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அர்ஹீனியஸ் டெபாசிட் இழந்திருப்பார். சாதாரண வாசகர் நிபுணர்களை நம்பலாமா என்ற கேள்விக்கு அந்த எண் ஏதோ பதில் சொல்லும். முறை சரியா என்ற கேள்விக்குச் சொல்லாது.

துறைக்குள்ளும் அழுக்கு உண்டு. 2009 நவம்பரில் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து திருடி வெளியிடப்பட்ட மின்னஞ்சல்கள், விமர்சகர்களுக்குத் தரவு கொடுக்காமல் இழுத்தடித்ததைக் காட்டின. விசாரணைக் குழு, ஆய்வு முடிவுகளில் மோசடி இல்லை என்றது. வெளிப்படைத்தன்மை போதவில்லை என்றும் சொன்னது. இரண்டாவது பாதியை ஆதரவாளர்கள் மறந்துவிடுகிறார்கள். அதைவிட நீண்டகாலம் நீடித்த தவறு இன்னொன்று. ஆர்சிபி 8.5 என்று ஓர் உமிழ்வுப் பாதை இருக்கிறது. நிலக்கரிப் பயன்பாடு பல மடங்கு பெருகும் என்று கொள்ளும் மிக மோசமான கற்பனை. எண்ணற்ற ஆய்வுகள் அதை ‘இப்படியே போனால்’ என்ற தலைப்பில் காட்டின. செய்தித்தாள்கள் அப்படியே அச்சடித்தன. அது பொருத்தமற்ற சொல்லாட்சி என்று 2020இல் ‘நேச்சர்’ இதழில் எழுதி உடைத்தவர்களும் காலநிலை ஆய்வாளர்களே. பத்தாண்டு தாமதம்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது, சென்னை மூழ்கியது. பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த அதே வாரம். புவி வெப்பத்தின் முகத்தைப் பாருங்கள் என்று உலக ஊடகங்கள் சென்னையைக் காட்டின. டச்சு வானிலை நிறுவனத்தின் கேர்ட் யான் வான் ஓல்டன்பர்க், டெல்லி ஐஐடியின் கிருஷ்ண அச்சுதராவ் உள்ளிட்ட குழு, நூறாண்டு மழைப்பதிவையும் மாதிரிகளையும் வைத்து அதை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டு வெளியான முடிவு: இந்த மழையில் புவி வெப்பத்தின் தடயம் காணப்படவில்லை.

பரபரப்பு தேடும் துறை எழுதும் வாக்கியமா இது? இதே முறையைக் கையாளும் குழுவினர் 2022 மார்ச்-ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலையின் சாத்தியத்தைப் புவி வெப்பம் 30 மடங்கு கூட்டிவிட்டது என்றார்கள். ஒரே தராசு; ஒன்றுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை. சென்னை பற்றிய ‘இல்லை’ இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை, அது பெரிதாகப் பேசப்படவும் இல்லை. மாநாட்டு மேடைகளுக்கு அது உதவாது. ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் கட்டடமாக்கியவர்களுக்கும், செம்பரம்பாக்கம் ஏரி மதகுகளைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் இன்னும் உதவாது. மத்தியத் தணிக்கைத் துறை பின்னர் அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது.

அந்தச் சென்னை ஆய்வு ஒரு காரணத்தையும் முன்வைத்தது. இந்தியாவின் மேல் படர்ந்திருக்கும் புகையும் நுண்துகள்களும் வெயிலைத் தடுத்து, வாயுக்கள் ஏற்றும் சூட்டை இதுவரை ஓரளவு மறைத்திருக்கலாம். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-2018 காலத்தில் சுமார் 0.7 டிகிரிதான் ஏறியது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. உலகச் சராசரியைவிடக் குறைவு. புகை விலகினால் மறைந்திருந்த சூடு வெளிப்பட வேண்டும். வெளிப்படாவிட்டால் விளக்கம் தவறு.

இமயத்துக்கு நேர்ந்ததும் இதே போன்ற சோதனைதான். 2035 பொய்த்தது, ரெய்னாவின் ‘அசாதாரணமில்லை’யும் நிற்கவில்லை. பனிப்போர்க் கால உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு 650 பனிப்பாறைகளை அளந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, 2000க்குப் பிறகு பனி இழப்பு அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப் போல இரு மடங்கு என்றது. வெப்பத்தை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்தப் பகுதியின் பனியில் மூன்றில் ஒரு பங்கு நூற்றாண்டு முடிவுக்குள் போய்விடும் என்கிறது காத்மாண்டுவின் இசிமோட் நிறுவனத்தின் அதே ஆண்டு மதிப்பீடு.

இப்போது நடக்கும் சண்டை 2023ஐப் பற்றியது. அந்த ஆண்டு யாரும் கணித்ததைவிட ஏறத்தாழ 0.2 டிகிரி கூடுதலாகச் சூடானது. கோடார்ட் நிறுவனத்தின் தலைவர் கேவின் ஷ்மிட், தங்களால் இதை விளக்க முடியவில்லை என்று 2024 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளிப்படையாக எழுதினார். எல் நினோ போதவில்லை. 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5ஆகக் குறைத்தது ஒரு காரணமா? தாழ்வான மேகங்கள் குறைந்தது காரணமா என்றால், மேகங்கள் ஏன் குறைந்தன? கந்தகப் படலம் நாம் நினைத்ததைவிட அதிகச் சூட்டை மறைத்திருந்தது என்கிறார் ஓய்வுபெற்ற ஹான்சன். கரியமில வாயு இரட்டித்தால் ஐபிசிசி சொல்லும் 3 டிகிரி அல்ல, 4.8 டிகிரி ஏறும் என்றும், 2010க்குப் பிறகு பத்தாண்டுக்கு 0.27 முதல் 0.36 டிகிரி வீதம் சூடாகும் என்றும் 2023 நவம்பரில் அவர் குழு அச்சில் எழுதிவைத்திருக்கிறது. காலநிலை ஆய்வாளர் மைக்கேல் மான் உள்ளிட்டோர் அதை ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் நாசா அனுப்பிய பேஸ் செயற்கைக்கோள் அந்த நுண்துகள்களை அளந்துகொண்டிருக்கிறது. இத்தகைய அளவீடுகள் அடுத்த பத்தாண்டில் ஹான்சனுக்குச் சாதகமாக வந்தால் ஐபிசிசியின் 3 மேலே ஏற வேண்டியிருக்கும். வராவிட்டால் அவருடைய 4.8 கீழே இறங்கியாக வேண்டும்.